ஜூன் மாதத்து நடுக்கம்

மாதுங்கா வித்யா விருத்தி சபைக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டு. சபையின் அங்கத்தினர்கள் எல்லாரும் மாதுங்காவிலும் செம்பூரிலும் இருக்கிறார்கள். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் தாராவியிலிருந்து நடந்து வருகிறார்கள். ஆண்டு விழா அன்று மட்டும் இரண்டு கூட்டமும் ஒரே பந்தலில் உட்காரும். மற்ற நாட்களில் அங்கத்தினர்கள் பிள்ளைகளைப் பற்றி இருந்த இடத்திலிருந்தே கவலைப்படுவார்கள். அதற்கென்று மாதம் ஒரு கூட்டம், கூட்டம் முடிந்ததும் போண்டாவும் காபியும்.

அப்படி ஒரு போண்டாவுக்கு முன்னால்தான் பள்ளியில் வீடியோ தயாரிப்பை ஒரு பாடமாக வைப்பது என்று தீர்மானம் நிறைவேறியது. வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று சபைக்கு உதவ முன்வந்திருந்தது. பிள்ளைகள் ஒரு வருஷத்தில் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. சபைத் தலைவர் சுந்தரராமன் பெரிய வங்கியில் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் அது வீடியோதான் என்று அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. பிள்ளைகளின் வளர்ச்சியை மேற்பார்வையிட ஒரு பதவியும் உண்டாக்கினார். வளர்ச்சி ஒருங்கிணைப்பாளர் என்ற அந்தப் பதவியில் ஜம்புநாதன் அமர்ந்தார். முப்பது வருஷம் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிய அனுபவம் அவருக்கு இருந்தது. பள்ளியில் எல்லாருக்கும் அவர் ஜம்பு சார்.

ஜம்பு சார் வந்தவுடன் செய்த முதல் காரியம், நடைக்கூடத்தில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் பேனர் மாட்டியது. அதில் நான்கு படங்கள். விதை, முளை, செடி, மரம். ஜூனில் எல்லாரும் விதை. செப்டம்பரில் முளை. டிசம்பரில் செடி. பிப்ரவரியில் மரம். பள்ளி திறந்த அன்று, வெளியே மழை ஊற்றிக்கொண்டிருக்க, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தப் பேனருக்கு முன்னால் நிறுத்தி அவர் பேசினார்.

"விதைன்னா என்ன அர்த்தம்? ஒண்ணுமே தெரியாதுன்னு அர்த்தம். உங்களுக்கெல்லாம் ஒண்ணுமே தெரியாதுங்கறதுல சபைக்குப் பூரண நம்பிக்கை இருக்கு. அந்த நம்பிக்கையை நீங்க காப்பாத்தணும்."

பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் நின்ற விஜயராணியும் தட்டினாள். தனக்கு வரப்போகும் கஷ்டம் அந்தப் பேச்சிலேயே இருந்தது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

விஜயராணிக்கு அப்பா இல்லை. அம்மா முருகம்மாள் அதே பள்ளியில் கூட்டிப் பெருக்கி, கக்கூஸ் கழுவும் ஆயா; பம்பாய்ப் பேச்சில் மௌசி. இருவரும் தாராவியில் தாய்மாமன் பூலோகத்தின் வீட்டு மாடியில் இருந்தார்கள். கீழே பூலோகத்தின் வீடியோ கடை. கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கோயில் கொடை என்று தாராவித் தமிழர்களின் நல்லது அத்தனையும் அவர் கேமராவுக்குள் போய் வரும். ஐந்தாம் வகுப்பு முடிந்த விடுமுறையிலிருந்தே விஜயராணி அவருக்குக் கூடமாட நின்றாள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு தாலிகட்டு முழுக்க அசையாமல் நிற்க அவளால் முடியும். எந்த இடத்தில் வெட்டி எந்த இடத்தில் ஒட்டினால் மாப்பிள்ளையின் கொட்டாவி தெரியாது என்பதும் அவளுக்கு அத்துப்படி.

ஆகவே விதைகளுக்கான முதல் வேலையாக 'என் பள்ளி' என்று ஒரு வீடியோ எடுத்து வரச் சொன்னபோது அவளுக்குப் பெரிய சந்தோஷம். சபை வாங்கிய கேமரா தலைவர் அறையில் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும் என்பதால் அவரவர் வீட்டுப் போனில் எடுத்து வர வேண்டும். அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு விஜயராணி காலையிலேயே பள்ளிக்கு வந்தாள். கேட்டில் வழியும் மழையை எடுத்தாள். ஈரக் காலடிகள் நிறைந்த நடைக்கூடத்தை எடுத்தாள். அவற்றைத் துடைத்துக்கொண்டே போகும் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஆடாமல் அசையாமல் நடந்து, பெண்கள் கக்கூஸுக்குள் போனாள். முருகம்மாள் திரும்பி, விளக்குமாற்றின் காம்பால் மேலே காட்டினாள். கூரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை விரிசல். சிமென்ட் பெயர்ந்த இடத்தில் துருப்பிடித்த கம்பி.

"இந்த ஸ்லாப்பப் பாருட்டி. ஆபீஸ்லயும் சொல்லியாச்சு, அந்த சார்ட்டயும் சொல்லியாச்சு. என்னிக்கு எவ தலையில எறங்கப் போவுதோ" என்றாள் முருகம்மாள்.

கம்பி நுனியில் ஒரு சொட்டு நீர் திரண்டு, பெருத்து, வாளியில் விழும் வரை விஜயராணி போனை அப்படியே பிடித்திருந்தாள். அத்தோடு வீடியோ முடிந்தது.

வீடியோப் பாடத்துக்கு ஆசிரியை ரஞ்சனா. செம்பூரிலிருந்து வரும் ஹிந்தி டீச்சர். தானேயில் இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்ததால் அவர் வீடியோ டீச்சரும் ஆகிவிட்டார். நல்ல மனசு, ஆனால் யாராவது நாற்காலியை நகர்த்தினாலும் எழுந்து நின்றுவிடும் சுபாவம். விஜயராணியின் வீடியோவைப் பார்த்து அவர் கண் விரிந்தது. "என்ன அழகா எடுத்திருக்கே!" என்று அவள் கன்னத்தைத் தட்டிவிட்டு, அந்தச் சந்தோஷம் ஆறுவதற்குள் ஜம்பு சாரிடம் கொண்டு போனார். விஜயராணி வாசலில் நின்றாள்.

ஜம்பு சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் மறுபடி ஓட்டச் சொன்னார்.

"எங்கேயாவது ஆடறதா?"

"ஆடலை சார்."

"தலை கிலை வெட்டுப்பட்டிருக்கா?"

"இல்லை சார்."

"சத்தம்?"

"தெளிவாக் கேக்கறது சார்."

ஜம்பு சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வீட்டில் துக்கம் நடந்தவர்போல அவர் முகம் ஆகிவிட்டது. "அப்ப இந்தப் பொண்ணை வெச்சிண்டு நாம என்ன பண்றது?"

"சார், அந்தக் கூரையில விரிசல்..." என்று ரஞ்சனா மெல்ல ஆரம்பித்தார். "முருகம்மாள் ஏதோ சொல்றா..."

"அது விஷயம் டீச்சர். விஷயம் நம்ம அளவுகோல்லயே கிடையாது. ஆட்டம், வெளிச்சம், சத்தம், வெட்டு. இந்த நாலுதான். நாலுலயும் இவ தப்பே பண்ணலை. இப்பவே மரமா வந்து நிக்கறா. பிப்ரவரியில எதை வளர்த்தோம்னு நான் காட்டறது?"

விஜயராணியை உள்ளே கூப்பிட்டார்கள். ஜம்பு சார் கோபப்படவில்லை; கோபப்படாமல் பேசுவதில் அவருக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நல்ல பெயர்.

"அம்மாடி, உன்னைத் தப்பு சொல்லலை. ஆனா நன்னா யோசிச்சுப் பாரு. சபை இந்த வருஷம் பூரா உனக்காக உழைக்கப் போறது. அந்த உழைப்பு ஆரம்பிக்கறதுக்குள்ளயே நீ எல்லாம் தெரிஞ்சிண்டு வந்தா, அது அந்த உழைப்பை அவமானப்படுத்தற மாதிரி இல்லையா? இன்னொரு தரம் எடுத்துண்டு வா. விதை மாதிரி எடு."

"விதை மாதிரின்னா எப்படி சார்?"

"ஒண்ணும் தெரியாதவ எடுத்த மாதிரி." சற்று நிறுத்தி, "முருகம்மாள் உன் அம்மாதானே? நல்ல பொம்மனாட்டி. சொன்னதைக் கேப்பா" என்றார். அம்மாவின் வேலை சபை கொடுத்தது என்பது விஜயராணிக்குத் தெரியும்.

மறுநாள் அதே நடைக்கூடத்தில் படப்பிடிப்பு. இந்தத் தடவை ரஞ்சனா டீச்சர் கூடவே வந்தார். விஜயராணி போனை எடுத்து நீட்டியதும் முழங்கை தானாகப் போய் விலாவில் ஒட்டிக்கொண்டது. மூச்சு தானாக நின்றது. ஆட்டிப் பார்த்தாள். ஆட்டுவதும் ஒரு தாளத்தோடு அழகாக வந்தது.

"கை ஹிலாவே மாட்டேங்கு டீச்சர், ஆடவே மாட்டேங்கு" என்றாள், அழாத குறையாக.

"ஓடிண்டே எடுத்துப் பாரு."

ஓடினாள். ஓடும்போதும் படம் நேராக வந்தது. சடங்கு ஊர்வலத்தில் மேளக்காரர்களுக்கு முன்னால் பின்பக்கமாக ஓடிப் பழகிய கால். கடைசியில் ரஞ்சனா டீச்சரே பக்கத்தில் நடந்துகொண்டு அவள் முழங்கையை இடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு இடிக்கும் "ஸாரிம்மா, ஸாரிம்மா" என்றார். கக்கூஸில் முருகம்மாள் மறுபடியும் விளக்குமாற்றைத் தூக்கி, மறுபடியும் அதையே சொன்னாள். மழைச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை.

ஜம்பு சார் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "இப்ப பரவாயில்லை. ஆனா அந்த விரிசல் மட்டும் இன்னும் ஸ்பஷ்டமாத் தெரியறது. அந்த இடத்துல இன்னும் ரெண்டு இடி இடிங்கோ டீச்சர்."

இடித்தார். விரிசல் கலங்கி மறைந்தது. விஜயராணியின் பெயருக்கு நேரே விதைப் படம் ஒட்டப்பட்டது. முதல் வீடியோவை அழித்துவிடும்படி உத்தரவு. அவள் அழிக்கவில்லை; மாமாவின் லேப்டாப்பில் போட்டு வைத்தாள். அது ஒன்றுதான் அந்த வருஷம் அவள் செய்த ஒழுங்கீனம்.

விஷயம் கேள்விப்பட்ட பூலோகம் கொதித்துப் போனார். "கை ஆடப்படாது, கை ஆடப்படாதுன்னு இவ தலையில கொட்டிக் கொட்டிச் சொல்லிக்குடுத்தேன். இப்ப ஆட்டுததுக்கு ஒரு பள்ளிக்கொடம், அதுக்கு ஒரு டீச்சர், அவியளுக்கு மேல ஒரு சாரு!"

"ஆட்டிட்டுப் போவட்டும்ண்ணே" என்றாள் முருகம்மாள், சோற்றைப் பிசைந்தபடி. "மார்க்கு போடுதவிய சொல்லுதாவ. எனக்கு வேல நெலைக்கணும்லா."

அதற்குப் பிறகு விஜயராணியின் வளர்ச்சி முறைப்படி நடந்தது. நவராத்திரி முடிவில் ஆயுத பூஜைக்குக் கேமராவைப் பீரோவிலிருந்து வெளியே எடுத்தார்கள். மாலை போட்டு, ஊதுபத்தி காட்டி, சுந்தரராமன் தம் கையாலேயே சந்தனம் குழைத்து லென்ஸின் நட்ட நடுவில் பெரிய பொட்டு வைத்து, அதன்மேல் குங்குமமும் வைத்தார். பூஜை செய்த பொட்டைத் துடைப்பது அபசாரம். எனவே அப்படியே பீரோவுக்குத் திரும்பியது. செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் வெறுங்கையை மூக்குக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஜம்பு சார் "இடது பக்கம் திரும்பு" என்றால் திரும்ப வேண்டும், "கிட்டப் போ" என்றால் கண்ணை இடுக்க வேண்டும். விஜயராணி காற்றைக்கூட ஆடாமல் பிடித்தாள் என்று அவளுக்கு இரண்டு மார்க் குறைந்தது.

முளைப் பருவத்தில் ஆட்டம் குறையலாம், தலை வெட்டுப்பட வேண்டும். செடிப் பருவத்தில் தலை இருக்கலாம், சத்தம் சரியாக இருக்கக் கூடாது. இதைப் பிடித்துக்கொள்வது சுலபமாக இல்லை. ஒரு தடவை தவறிப்போய் நவம்பரிலேயே சத்தம் நன்றாக வந்துவிட்டது. "பிப்ரவரியில தெரிஞ்சிக்க வேண்டியதை இப்பவே தெரிஞ்சிண்டா எப்படி? உனக்குக் கொஞ்சம்கூடக் கட்டுப்பாடு இல்லை" என்று ஜம்பு சார் மனம் நொந்தார். மற்றப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர்களுக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது. கேமராவைத் தொடாததால் வருஷம் முழுக்கத் தெரியாமலேயே இருந்தது. அவர்களுடைய மர வீடியோக்களை எல்லாம் பிப்ரவரியில் விஜயராணிதான் எடுத்துக் கொடுத்தாள். அந்த ஒரு மாதம் மட்டும் அவளை யாரும் இடிக்கவில்லை.

ஜனவரியில் அறக்கட்டளைக்கு அனுப்ப ஒரு சாட்சி வீடியோ தேவைப்பட்டது. மிக அதிகமாக வளர்ந்த மாணவி தன் வாயால் சொல்ல வேண்டும். யார் மிக அதிகமாக வளர்ந்தது என்பதில் சந்தேகமே இல்லை. ஜம்பு சார் வசனம் எழுதிக் கொடுத்தார். விஜயராணிக்குத் தமிழ் பேச வரும், படிக்க எழுத்துக்கூட்ட வேண்டும். அதனால் ரஞ்சனா டீச்சர் அதையே ஹிந்தி எழுத்தில் எழுதிக் கொடுத்தார். சுவரோரம் நிற்க வைத்து எடுத்தார்கள்.

"நான் விஜயராணி. ஜூன் மாதத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது. போனை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. என் கை ஆடும். நான் எடுத்ததில் எதுவும் தெளிவாகத் தெரியாது. சபை எனக்குக் கண் கொடுத்தது."

வீட்டில் போட்டுக் காட்டினாள். முருகம்மாள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். "நல்லாத்தாம் பேசுத. ஆனா இது பொய்யில்லியா, ஏட்டி?"

"எல்லாருக்கும் தெரியும்லா பொய்யின்னு" என்றாள் விஜயராணி.

பிப்ரவரியில் வளர்ச்சி விழா. நடைக்கூடத்துப் பேனர் போதாது என்று, கட்டிடத்தின் உச்சியில் தெருவுக்கே தெரியும்படி பெரிய மரம் ஒன்றைப் பேனராக நிறுத்தினார்கள். அதைத் தாங்க மொட்டைமாடியில் இரும்புக் கம்பங்கள் நட வேண்டியிருந்தது. பெண்கள் கக்கூஸுக்கு நேர் மேலேதான் தெருப் பார்வை நன்றாக இருந்தது. ஆட்கள் நாள் முழுக்கத் துளை போட்டார்கள். கீழே முருகம்மாள் உதிர்ந்த சிமென்ட்டைப் பெருக்கிப் பெருக்கி வாரிக் கொட்டினாள். ஜம்பு சார் அந்த வழியாகப் போனபோது, "சார், மேல அடிக்க அடிக்க இங்கன கொட்டுது" என்றாள். "விழா முடியட்டும்மா" என்றார் அவர்.

விழாவில் சுந்தரராமன் அருமையாகப் பேசினார். "ஒரு குழந்தையோட வளர்ச்சியை நாம எப்படித் தெரிஞ்சிக்கறது? குழந்தையைப் பார்த்தா தெரியாது. நான் இந்தக் குழந்தைகளைப் பார்த்ததே இல்லை. ஆனா அறிக்கையைப் பார்த்தேன், கண்ணுல ஜலம் வந்துடுத்து." விஜயராணிக்குச் சால்வை போர்த்தி, 'பெருமரம்' என்ற பட்டமும் ஒரு துளசிச் செடியும் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் தூணில் சாய்ந்து நின்ற முருகம்மாள், விழா முடிந்ததும் கூட்ட வேண்டிய குப்பையின் நடுவே நின்று கைதட்டினாள். பெண் சால்வையோடு நிற்பதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை, விழாவுக்கு வந்தவர்கள் உபயோகித்துவிட்டுப் போன கக்கூஸை அவள் கழுவிக்கொண்டிருந்தபோது ஸ்லாப் இறங்கியது.

விஜயராணி வகுப்பிலிருந்து ஓடிவந்தாள். புழுதிக்குள் அம்மாவின் சேலை மட்டும் தெரிந்தது. மேலே ஓட்டை வழியாக வானம் தெரிந்தது, பேனர் மரத்தின் வேர் தெரிந்தது. சேதி கேட்டு ஓடிவந்த பூலோகமும் தெருப்பையன்களும் சேர்ந்து இடிபாட்டைத் தூக்கி, முருகம்மாளை ஒரு கதவுப் பலகையில் கிடத்தி, சயான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிர் தப்பியது. இடுப்பு நொறுங்கிவிட்டது. இனி நடக்க மாட்டாள் என்று டாக்டர் மாமாவிடம் ஹிந்தியில் சொன்னதை, கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்ற விஜயராணியும் கேட்டாள், முருகம்மாளும் கேட்டாள்.

சபை அவசரமாகக் கூடியது. தீர்மானத்தில், சபையின் சொத்தான மேற்கூரைக்கு நேர்ந்த சேதம் குறித்து ஆழ்ந்த துயரம் தெரிவிக்கப்பட்டது. அச்சமயம் முருகம்மாள் அதன் கீழே இருந்தது குறித்து வருத்தமும் தெரிவிக்கப்பட்டது. விசாரணைக் குழு ஒன்று அமைத்தார்கள். அதில் சுந்தரராமனும் ஜம்பு சாரும் இருந்தார்கள். கட்டிடத்தைப் பராமரிக்கும் குழுவிலும் இவர்கள் இருவர்தான். அதனால் விசாரணை சீக்கிரம் முடிந்தது. குழுவின் முடிவு இது: தினமும் அந்தக் கூரைக்குக் கீழே வேலை செய்தவள் முருகம்மாள் ஒருத்தியே. விரிசலைப் பற்றி அவள் எவரிடமும் தெரிவிக்கவில்லை. தெரிவித்திருந்தால் சபை உடனே கவனித்திருக்கும். கடமையில் இவ்வளவு அலட்சியமாக இருந்தவரை வேலையில் வைத்துக்கொள்வது பிள்ளைகளுக்கு ஆபத்து.

இதைப் பூலோகம் ஆஸ்பத்திரியில் வாசித்துச் சொன்னபோது முருகம்மாள் அழவில்லை. ஸ்லாப் விழுந்ததைவிட இதற்குத்தான் அவள் முகம் மாறியது.

"நான் சொல்லலியா? சொன்னேனே. அந்தச் சாரு மூஞ்சிக்கு நேரச் சொன்னேனே." மகளின் கையைப் பிடித்தாள். "ஏட்டி, ஒன் மொத வீடியோவுல நான் சொல்லியிருக்கேன்லா? அதக் கொண்டு காட்டு. காலு போனாப் போவுது. நான் சொன்னேன்னு அவிய ஒத்துக்கிட்டாப் போதும்."

விஜயராணியும் பூலோகமும் சபைக்குப் போனார்கள். தலைவர் அறையில் சுந்தரராமன், ஜம்பு சார், அழைத்துவரப்பட்ட ரஞ்சனா டீச்சர். பீரோ கதவு திறந்திருந்தது. உள்ளே கேமரா, நெற்றியில் காய்ந்த சந்தனத்தோடு உட்கார்ந்திருந்தது.

ஜம்பு சார் முறைப்படி முதலில் பள்ளிக் கோப்பில் இருந்த ஜூன் வீடியோவை ஓட்டினார். மழை, குலுங்கும் சுவர், குலுங்கும் முருகம்மாள், மேலே ஏதோ ஒரு கலங்கல்.

"விரிசல் எங்கே இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார் சுந்தரராமன். "கை ஆடற ஆட்டத்துல நேர் சுவரே கோணலாத்தான் தெரியறது. இதை வெச்சிண்டு எப்படி முடிவு பண்றது?"

"அது நீங்க ஆட்டச் சொல்லி ஆட்டுனது சார்" என்றாள் விஜயராணி. "நான் மொதல்ல எடுத்தது இது."

மாமாவின் லேப்டாப்பில் அதை ஓட்டினாள். ஆடாமல் அசையாமல் படம் வந்தது. விரிசல் மூலைக்கு மூலை தெரிந்தது. துருக்கம்பி தெரிந்தது. 'ஆபீஸ்லயும் சொல்லியாச்சு, அந்த சார்ட்டயும் சொல்லியாச்சு' என்று முருகம்மாளின் குரல் அறை முழுக்கக் கேட்டது. படத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு காலில். சொட்டு நீர் திரண்டு வாளியில் விழுந்தது.

ரஞ்சனா டீச்சர் மூக்கை உறிஞ்சினார். அந்த ஒரு கணம் விஜயராணிக்கு நம்பிக்கை வந்தது.

"ரொம்ப நன்னா எடுத்திருக்கு" என்றார் சுந்தரராமன், மனதாரவே. "ஜம்பு, இது என்ன பருவம்?"

"சந்தேகமே இல்லாம மரம் சார். ஆட்டம் இல்லை, வெளிச்சம் சரி, சத்தம் சரி."

"அப்ப இது ஜூன்ல எடுத்ததா எப்படி இருக்க முடியும்? ஜூன்ல இவ விதை. நம்ம அறிக்கையிலேயே இருக்கே. வெளிநாட்டுக்கே அனுப்பியாச்சே."

பூலோகம் குறுக்கே வந்தார். "சார், தேதி இருக்கு பாருங்க சார், ஜூன்னு போட்டிருக்கு."

"நீங்க வீடியோ கடை வெச்சிருக்கேள். கல்யாணத்துக்கு வராதவாளைக்கூட வந்த மாதிரி ஒட்டித் தரேள்னு கேள்வி. உங்களுக்குத் தேதி ஒரு பெரிய விஷயமா?" சுந்தரராமன் விஜயராணியிடம் திரும்பினார். குரலில் கனிவு. "குழந்தே, உன் திறமையிலே எங்களுக்குத் துளிக்கூடச் சந்தேகம் இல்லை. அதனாலதான் இதை நம்ப முடியலை."

பிறகு ஜம்பு சார் சாட்சி வீடியோவை ஓட்டினார். சுவரோரம் நின்ற விஜயராணி தெளிவான குரலில் சொன்னாள்: "ஜூன் மாதத்தில் எனக்கு ஒன்றுமே தெரியாது. என் கை ஆடும். நான் எடுத்ததில் எதுவும் தெளிவாகத் தெரியாது."

"இது உன் வாய்தானே?" என்றார் ஜம்பு சார்.

விஜயராணி ரஞ்சனா டீச்சரைப் பார்த்தாள். சுந்தரராமனும் பார்த்தார். "டீச்சர், நீங்க சொல்லுங்கோ. அந்த இன்னொரு வீடியோவை நீங்க ஜூன்ல பார்த்தேளா?"

ரஞ்சனா டீச்சர் எழுந்து நின்றார். மேஜை விளிம்பைப் பார்த்தார். "ஜூன்ல... எல்லாரும் விதைதான் சார்" என்றார். உட்காரவும் மறந்து அப்படியே நின்றார்.

ஆஸ்பத்திரியில் முருகம்மாள் வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"ஆட்டாம எடுத்ததக் காட்டுனியா?"

"காட்டுனேன்."

"என்ன சொன்னாவ?"

"நல்லாருக்குன்னாங்க."

"பொறவு?"

மாமாதான் சொன்னார், "நல்லாருக்கதுனால நம்ப மாட்டாவளாம்" என்று. முருகம்மாள் அதை விளங்கிக்கொள்ள வெகுநேரம் முயன்றாள். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். உடம்பைத் திருப்ப முடியவில்லை. தன் கையை வைத்தே தன் அம்மாவின் வாயை அடைத்துவிட்டார்கள் என்பது விஜயராணிக்கு அப்போதுதான் முழுதாக உறைத்தது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் தேம்பித் தேம்பி அழுதாள்.

ஜூன் வந்தது. மழை வந்தது. பள்ளி திறந்தது. இடிந்த கக்கூஸின் வாசலைப் பழைய மரப் பேனரைக் கொண்டு மறைத்திருந்தார்கள். பெருமரமான விஜயராணியிடம் சபை கட்டணம் கேட்கவில்லை. அந்தத் தயவுக்கு ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். வேறு பள்ளிக்குப் போக வழியும் இல்லை. பத்தாம் வகுப்பில் அவள் பெயருக்கு நேரே மறுபடியும் விதைப் படம் ஒட்டியிருந்தது. புது வருஷம், புது விதை என்று ஜம்பு சார் விளக்கினார். முதல் வேலை, 'என் பள்ளி'.

நடைக்கூடத்தின் நடுவில் நின்று அவள் போனைத் தூக்கினாள். மேலே, கக்கூஸ் சுவரிலிருந்து கிளம்பிய ஒரு விரிசல் நடைக்கூடத்துக் கூரைவழியாக வகுப்பறைப் பக்கம் நீண்டிருந்தது. போன வருஷம் அது அங்கே இல்லை. அந்தக் கூரையின் கீழே சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் போனை அந்த விரிசலுக்கு நேராகப் பிடித்தாள். முழங்கை விலாவில் ஒட்டியது. மூச்சை நிறுத்தினாள்.

ரஞ்சனா டீச்சர் வழக்கப்படி பக்கத்தில் வந்து, இடிக்கக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை அப்படியே இறக்கிக்கொண்டார். விஜயராணியின் கை தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. மணிக்கட்டை மறு கையால் இறுக்கிப் பிடித்தாள். அந்தக் கையும் சேர்ந்து ஆடியது. நிறுத்த முடியவில்லை.

பின்னால் வந்து நின்ற ஜம்பு சார், அவள் தோளுக்கு மேலாகப் போன் திரையை எட்டிப் பார்த்தார். கூரை குலுங்கியது, பிள்ளைகள் குலுங்கினார்கள், விரிசல் கலங்கிக் காணாமல் போயிருந்தது.

"பேஷ்" என்றார் அவர், முகம் மலர்ந்து. "ஒண்ணுமே தெரியலை. பாருங்கோ டீச்சர், இந்த வருஷம் சொல்லிக்கொடுக்காமயே வந்துடுத்து."